பெற்றோர் விருப்பத்தின் பேரில்

ஜூலை 6, சனி

காலையில் சம்யுவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிஷம், முந்தைய நாள் எவ்வளவு தூங்கினாள் என்று குறித்துவைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். டாக்டர் புரட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் ஒரு பக்கத்தில் நின்றார். 'பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுவிட்டாள். பதினோரு நிமிஷம். எனக்குக் கை கால் ஆடிவிட்டது' என்று எழுதியிருக்கிறேன்.

"அம்மா, இது உங்க பொண்ணோட நோட்டு. உங்க பயத்த எழுதறதுக்கு வேற ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார்.

சம்யு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் கணபதி பஸ் ஸ்டாப்பில் இறங்கி இந்த நோட்டை வாங்கினேன்.

கடைசியாக வலிப்பு வந்து இன்றோடு அறுநூற்று இரண்டு நாள். அதற்கு முன்னால், ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். இனி வைத்துக்கொள்ள முடியாது என்று அவர்கள் சொன்ன பிறகு, இரண்டு வருடமாக வீட்டில்தான் படிப்பு. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதி முடித்துவிட்டாள். நல்ல மார்க்.

ஜூலை 13, சனி

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஒன்பது பேர் இதே ஊரில் ராமநாதபுரம் பக்கம் மெர்லின் வீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் கூடுகிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அதனால் போட்டி, மன்றம், கூட்டாளிகள் எதுவும் இல்லை என்று மெர்லினே ஆரம்பித்தது. தன் பிள்ளைகள் ஜோயல், ஜெனி இருவருக்கும் அவள்தான் வீட்டில் பாடம் நடத்துகிறாள்.

மற்ற அம்மாக்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் கீழே கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். "நாலு மணி நேரம் என்னக்கா பண்ணுவீங்க, போயிட்டு சாயங்காலம் வாங்க" என்று மெர்லின் வாராவாரம் சொல்கிறாள். வீட்டில் வேலை இல்லை என்று வாராவாரம் நானும் சொல்கிறேன். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலும் எழுந்துவிடுகிறேன். ஜோயல் காலிங் பெல் சுவிட்சுகளை வைத்து, வினாடி வினா பழக, லைட் மினுக்கும் மூன்று பஸ்ஸர் செய்திருக்கிறான். அது அடிக்கும்போதெல்லாம் மாடிப்படி வரைக்கும் போய் வருகிறேன்.

அவளுக்கு வலிப்பு உண்டு என்பது இங்கே யாருக்கும் தெரியாது. பாடத்திட்டம் பிடிக்காமல் நிறுத்தினோம் என்று சொல்லியிருக்கிறேன். சம்யுவையும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் இவர்களும் வேண்டாம் என்பார்கள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே ஒரு அறிவியல் வினாடி வினா. மண்டலச் சுற்று இங்கேயே. முதல் இரண்டு அணி பெங்களூருக்குப் போகும். சம்யு, நஸ்ரின், ஜோயல் மூவரும் அணி. ஜெனி மாற்று ஆள். எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லை என்பதற்கு டி.சி. நகல் கேட்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது சம்யு, "மேடைல உக்காந்து பதில் சொல்லணும்மா, மைக்கெல்லாம் இருக்கும்" என்றாள். மேடை எவ்வளவு உயரம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

டி.சி.யை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. வீடு மாற்றும்போது தொலைந்திருக்கும். சம்யுவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

டி.சி. பீரோவில், நிச்சயதார்த்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது. நேற்று ஏன் இந்த நோட்டில்கூட அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூலை 17, புதன்

மாவு அரைத்தேன். துணி காயவில்லை, சாரல். சம்யு பரணில் ஏறி நான்கு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவள் விழுந்துவிடக் கூடாதே என்று நின்றேன், வேறு ஒன்றும் இல்லை. தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி, "இல்லம்மா" என்றாள்.

தூக்கம் எட்டு மணி நேரம். மாத்திரை இரண்டு வேளையும்.

ஜூலை 20, சனி

ஆகஸ்ட் இரண்டுக்குள் டி.சி. நகல் வரவில்லை என்றால் ஜெனியைத்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று மெர்லின் சொன்னாள். ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. நிமிர்ந்தபோது சம்யு மாடிப்படியில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலேயே போய் நகல் கேட்டு வாங்கி வருகிறேன் என்றாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"உன்ன வேணாம்னு அனுப்பினவங்க வாசல்ல போயி நிக்கப் போறியா?" என்றேன்.

அவள் முகம் சின்னதாகிவிட்டது. பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதைச் சொன்னால் அடங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 25, வியாழன்

நஸ்ரினோடு நூலகம் போவதாகச் சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினாள். இரண்டரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வைத்தாள். பள்ளி முத்திரை போட்ட நகல்.

"படிம்மா" என்றாள்.

"சாப்டியா?"

"எட்டாவது கட்டம். படி."

நான் படிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. அவளே வாசித்தாள். "பள்ளியை விட்டு விலகும் காரணம். பெற்றோர் விருப்பத்தின் பேரில்."

குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்து போய் அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவள் சமையலறை வாசல் வரைக்கும் வந்தாள்.

"எச்.எம். விமலா மேடம் என்னப் பாத்ததும் எந்திரிச்சுட்டாங்க. அந்த வருஷம் பூரா என் பேர ரிஜிஸ்டர்ல அடிக்கலயாம். நீ மனசு மாறி வருவேன்னு வச்சிருந்தாங்களாம்."

"சம்யு, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"என்னப் பாத்து பசங்கெல்லாம் பயப்படுறாங்கன்னு சொன்ன. அதனாலதான் ஸ்கூல்ல வேணாம்னாங்கன்னு சொன்ன. நான் ரெண்டு வருஷமா ரோட்ல எங்க கிளாஸ் பிள்ளைங்களப் பாத்தா எதிர்ச்சாரிக்குப் போயிருவேன்மா. என்னப் பாத்து அவங்க பயந்துரக் கூடாதுன்னு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் போய்ப் பிடித்திருப்பேன்.

ஜூலை 26, வெள்ளி

பேசவில்லை. மாத்திரை போட்டாள். தூக்கம் எவ்வளவு என்று தெரியவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

நடந்தது இதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே ஜூலையில், காலைக் கூட்டத்தில் வரிசையில் நின்றவள் விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் படுத்திருந்தாள். ஒரு டீச்சர் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விமலா மேடம், "ஒரு வாரம் வீட்ல இருந்துட்டு வரட்டும். அதுக்குள்ள எங்க டீச்சருங்களுக்கு ஒரு டாக்டர வச்சு என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தர்றோம்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள் விழுந்த இடத்துக்கு ஒரு முழத்தில் கொடிக்கம்பத்து மேடை இருந்தது. சிமெண்டு மேடை, கூரான விளிம்பு. அந்த ஒரு முழத்தைத்தான் நான் பார்த்தேன். மூன்றாம் நாள் போய் டி.சி. கேட்டேன். மேடம் மூன்று தடவை யோசிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். "எப்பம்மா ஸ்கூலுக்குப் போறது?" என்று சம்யு கேட்டாள். "அவங்க வேணாம்னுட்டாங்க கண்ணு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "மத்த பிள்ளைங்க பயப்படுறாங்களாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். திரும்பிப் போகவேண்டும் என்ற ஆசையே அவளுக்கு வரக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சம்யுவின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மோட்டார் பம்பு கம்பெனியில் லேத் இயந்திரத்தில் நிற்பவர். தட்டில் கை காய்ந்துபோக உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியும் சுலோச்சனா" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"அந்த மேடம் அப்பவே எனக்கு ரெண்டு தடவ ஃபோன் பண்ணாங்க."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல நீங்க?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீ அவகூட வீட்ல இருக்கீன்னா, நான் நிம்மதியா லேத்துல நிக்கலாமில்ல."

ஆகஸ்ட் 3, சனி

நகல் போய்ச் சேர்ந்துவிட்டது. அணியில் சம்யு இருக்கிறாள். இன்று என்னை வர வேண்டாம் என்றாள். தனியாகப் பஸ்ஸில் போனாள். ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பிய பஸ், காந்திபுரத்தில் மாறி, பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதினொன்று வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

சாயங்காலம் வந்து, "மெர்லின் ஆன்ட்டிகிட்டயும் நஸ்ரின்கிட்டயும் ஜோயல்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். காலையில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை விட்டால், இந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"என்ன சொன்னாங்க?"

"நஸ்ரின் எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டா. ஜோயல் பஸ்ஸர் லைட்டு மினுக்குதே, எடுத்தரட்டுமான்னு கேட்டான். எனக்கு லைட்டால ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

மினுக்கும் வெளிச்சம் சிலருக்குத்தான் வலிப்பைத் தூண்டும், இவளுக்கு இல்லை என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். நான்தான் நம்பவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தோசை. தக்காளிச் சட்னி. தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

"எத்தன மணி நேரம் தூங்கின?" என்று கேட்டேன். "எட்டு" என்றாள். பொய். எனக்கும் அவளுக்கும் இப்போது சரிக்குச் சரி.

தூக்கம் கெட்டால் வரும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அவள் தூக்கத்தைக் கெடுத்தது யார் என்று எழுதத் தேவையில்லை. போட்டிக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆறரைக்கு மாத்திரை போட்டாள். இட்லி மூன்று. அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரி அரங்கம். மெர்லின் வேனில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். "நீ வரக் கூடாது" என்று சம்யு முந்தின நாளே சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் மறுக்க முடியவில்லை.

பத்து மணிக்குப் போட்டி. பத்தேகாலுக்குப் பாத்திரம் தேய்த்தேன். பதினொன்றுக்கு அலமாரித் தாளெல்லாம் மாற்றினேன். அவர் டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு பத்துக்கு நஸ்ரின் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, பதறாதீங்க. சம்யுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு. இப்ப நின்னுருச்சு. ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். நான் டைம் பாத்தேன்."

எப்போது, எப்படி என்று கேட்டேன்.

"நாலாவது ரவுண்டுக்கு முன்னால. சேர்லருந்து சாஞ்சா, ஜோயல் தாங்கிட்டான், அடிபடல. ஒருக்களிச்சுப் படுக்க வச்சோம். யாரோ சாவிக்கொத்து கொண்டுவந்து கைல குடுக்கச் சொன்னாங்க, வேணாம்னுட்டேன். வாய்லயும் ஒண்ணும் வைக்க விடல. இப்ப பக்கத்து ரூம்ல படுத்திருக்கா, மெர்லின் ஆன்ட்டி கூட இருக்காங்க. உங்ககிட்டப் பேசணும்ங்கிறா."

பிறகு அவள் குரல். நாக்கு குழறியது. "வராதம்மா. தூங்கிட்டு, வேன்லயே வந்தர்றேன்."

அவர் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்து வாசலுக்குப் போய்விட்டார். அரங்கம் இங்கிருந்து இருபது நிமிஷம். நானும் செருப்பை மாட்டப் போனேன். ஒரு கால் மாட்டி, இன்னொரு காலை மாட்டாமல் நின்றேன். வராதே என்றாள். நான் போனால் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

"உள்ள வாங்க" என்றேன் அவரிடம். "மறுபடி வலிப்பு வந்தா கூப்பிடுவாங்க. அப்பப் போலாம்."

படியில் உட்கார்ந்தோம், இருவரும். நாலே முக்கால் வரைக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் ரொம்பக் கஷ்டமானது அதுதான். ஒரு ஆள் பார்த்திருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பான்.

வேன் வந்தது. ஜோயலும் நஸ்ரினும் கூடவே இறங்கினார்கள். அணி இரண்டாம் இடம். நடுவில் மாற்று ஆளை இறக்கக் கூடாதாம், கடைசியான நாலாவது ரவுண்டை இவர்கள் இரண்டு பேரும் மட்டும் ஆடியிருக்கிறார்கள். சம்யு சோபாவில் சுருண்டுகொண்டாள். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னாள்:

"கண்ணு முழிச்சப்ப எல்லாரும் அங்கயேதான் இருந்தாங்க. யாரும் ஓடல."

ஆகஸ்ட் 19, திங்கள்

டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மத்தியானம் மெர்லின் ஃபோன் செய்தாள். சம்யு எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா என்று நிறையக் கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரெண்டு மூணு பேரன்ட்ஸ் என்கிட்ட கேட்டாங்க. ஜெனியே ரெண்டு நாளா சரியா சாப்பிடல, நேர்ல பாத்தது அவளுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பெங்களூர்னா ரயில், ரெண்டு நாள், வெளியூரு. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்? இந்தத் தடவ ஜெனி போகட்டும்னு தோணுது. நீங்களே சம்யுகிட்டப் பக்குவமா சொல்லிட்டீங்கன்னா..."

மெர்லின் கெட்டவள் இல்லை. பயந்திருக்கிறாள். அவள் பேச்சில் எனக்கு வேண்டிய எல்லாமே இருந்தது. சம்யு வீட்டிலேயே இருப்பாள். ரயில் இல்லை, மேடை இல்லை. நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வேண்டாம் என்றார்கள், மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் விமலா மேடம் சொல்லாததை அவர் சொன்னதாக நான் சொன்னேன். இன்று ஒருத்தி நிஜமாகவே சொல்கிறாள்.

சம்யு பக்கத்து அறையில் ஏதோ சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"மெர்லின்" என்றேன். "நான் சொல்ல மாட்டேன்."

"அக்கா, கோவமா?"

"கோவம் இல்ல. சனிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லு. நான் பேசறேன்."

ஃபோனை வைத்தேன். அவள் போகாமல் இருப்பதற்கு என் கையிலேயே வந்த வழியை நான் அடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

மெர்லின் வீட்டுக் கூடத்தில் ஏழு குடும்பம். பிள்ளைகளும் கீழேயே இருந்தார்கள். சம்யு ஜன்னல் ஓரம், நஸ்ரின் பக்கத்தில். நான் என்ன பேசப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

எழுந்து நின்றேன். கூட்டத்தில் நான் பேசியதே இல்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"என் பொண்ணுக்கு வலிப்பு இருக்குன்னு உங்ககிட்ட மறச்சது நான். அவ இல்ல. பள்ளிக்கூடத்துல வேணாம்னாங்கன்னு அவகிட்டச் சொன்னதும் நான்தான். அவங்க அப்படிச் சொல்லல. வாங்கன்னுதான் சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு, பழிய அவங்க மேல போட்டேன்."

தலைப்பை விட்டுவிட்டு மற்ற அம்மாக்களைப் பார்த்தேன்.

"உங்களுக்கும் பயமா இருக்கும். பயப்பட வேணாம்னு நான் எப்படிச் சொல்றது, எனக்கே இன்னும் போகல. ஆனா அவ வர வேண்டாம்னு நெனச்சா, அவகிட்டயே நேரா சொல்லிருங்க. அவ முன்னால, இப்பவே. என் வழியா சொல்லாதீங்க."

மெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்யுவை நேராகப் பார்த்துச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு நஸ்ரினின் அம்மா, எப்போதும் அதிகம் பேசாதவர், "நான் கூடப் போறேன். என் பொண்ணு அன்னிக்கு என்ன பண்ணாளோ அத எனக்கும் சொல்லிக் குடுக்கட்டும்" என்றார்.

"எனக்கும்" என்றாள் ஜெனி. பதின்மூன்று வயது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "எனக்கு பயாலஜியும் வராது. சம்யு அக்காவே போகட்டும்."

மெர்லின் சரி என்று தலையை ஆட்டினாள். அப்புறம் காபி போட எழுந்து போனாள். அடுப்படிக்குப் போய் டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

பஸ்ஸில் சம்யு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். லட்சுமி மில்ஸ் தாண்டியதும் சொன்னாள்.

"இன்னும் கோவம் போகலம்மா."

"தெரியும் கண்ணு."

"எப்பப் போகும்னு தெரியல."

"சரி."

"அங்க நீ பேசினது நல்லா இருந்துச்சு. அதனால கோவம் போச்சுன்னு நெனச்சுக்காத."

நினைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

காலை ரயில். ஐந்தரைக்கே ஸ்டேஷன் போய்விட்டோம். சம்யு, ஜோயல், நஸ்ரின், நஸ்ரினின் அம்மா. மாத்திரையை இரண்டு இடத்தில் பிரித்து வைத்திருக்கிறாள், பையில் ஒன்று, நஸ்ரினிடம் ஒன்று. அவளே யோசித்துச் செய்தது. கதவோரம் நிற்காதே, மேல் படுக்கையில் ஏறாதே, இப்படிச் சொல்வதற்கு எனக்குள் ஒரு பட்டியலே இருந்தது. "போயிட்டு வா" என்றேன்.

ஆறு பத்துக்கு நகர்ந்தது. அவர் பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் கூடவே நடந்தார்.

சேலம் வந்ததும் கூப்பிடுகிறேன் என்றாள். இரண்டரை மணி நேரம். வீட்டுக்கு வந்து பருப்பு வேக வைத்தேன். எட்டே முக்கால் ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஃபோனை எடுத்து அவள் பெயரைத் தொட்டுவிட்டு, அடிப்பதற்குள் நிறுத்தினேன். ஒன்பதே காலுக்கு ஃபோனைப் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். உடனே திரும்பிப் போய் எடுத்து வந்தேன். நஸ்ரினின் அம்மாவைக் கூப்பிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒன்பது நாற்பதுக்கு வந்தது.

"ம்மா, தூங்கிட்டேன். இப்பதான் முழிச்சேன். சேலம் போயிருச்சு. திட்டாத."

"திட்டல" என்றேன். "இன்னும் கொஞ்சம் தூங்கு."